கணக்கில் சேராத அழைப்புகள்

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களிடம் 'போன் கம்பெனி' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் சொன்னால் கேட்டவர் ஏன் கேட்டோம் என்று வருத்தப்படுவார். விஷயம் இதுதான். நீங்கள் போனில் எண்ணை அழுத்திவிட்டுக் காதில் வைக்கிறீர்கள். எதிர்முனையில் மணி அடிக்கும் சத்தம் கேட்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்பதில்லை. அந்த ஒன்றுமே கேட்காத நேரத்தை அளப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக அளக்கிறேன். வீட்டில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் என் மனைவி, "இன்னா, ஆபீஸ் வேலைய வூட்டுக்கே எடுத்துக்கினு வந்துட்டீங்களா?" என்பாள்.

இணையம் வழியாகப் போகிற போனில் இந்த மௌனத்துக்குள் நிறைய நடக்கிறது. பட்டனை அமுக்கியதும் உங்கள் குரல் புறப்பட்டுவிடுவதில்லை. முதலில் ஒரு சின்ன எழுத்துச் செய்தி புறப்படுகிறது. இன்னார் இன்னாரோடு பேச விரும்புகிறார் என்பது அதன் சாரம். எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே அழைப்பிதழ்தான். அது நாலைந்து கணினிகளைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். அங்கே மணி அடிக்க ஆரம்பித்ததும், 'அடிக்கிறது' என்று ஒரு பதில் வந்த வழியே திரும்பி வரும். அப்போதுதான் உங்கள் காதில் சத்தம் கேட்கும். பதில் வராவிட்டால் அழைப்பிதழை மறுபடி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. அரை வினாடி பொறுத்து ஒரு தடவை. பிறகு ஒரு வினாடி பொறுத்து. பிறகு இரண்டு, பிறகு நான்கு. கூச்ச சுபாவம் உள்ளவன் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல, ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் இரண்டு மடங்கு தயங்கி நிற்கும். மரியாதை தெரிந்த யாரோ எழுதிய விதி. படிப்பவர்கள் இதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்: கூட்டிப் பார்த்தால், நான்காவது மறுதட்டல் பட்டனை அமுக்கி ஏழரை வினாடி கழித்துத்தான் விழும்.

என் ஊர் கண்ணமங்கலத்துக்குப் பக்கம். எங்கள் கொல்லையில் நின்றால் ஜவ்வாது மலை தெரியும். ஐம்பது வயது வரை அதன்மேல் ஏறியதில்லை. அடிவாரத்து அமிர்தி வரை போய், அடைத்து வைத்திருக்கும் மானைப் பார்த்துவிட்டு, மலைக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். அப்படிப்பட்டவனைத்தான் கம்பெனி, "நீங்க அந்தப் பக்கத்து ஆள்தானே சார், உங்களுக்கு மலை பழக்கமாச்சே" என்று சொல்லி, மலைமேல் புதூர்நாட்டுக்கும் அப்பால் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பிவைத்தது. சென்னையில் இருப்பவர்களுக்கு 'அந்தப் பக்கம்' என்பது மிகவும் பெரிய பக்கம்.

அந்த ஊரில், அடிவாரத்துத் தர்ம ஆஸ்பத்திரி ஒன்று நடத்தும் கிளினிக் இருந்தது. இரண்டு அறை, ஒரு வராந்தா, ஒரு நர்ஸ். வராந்தாச் சுவரில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு போன். அதில் எண்கள் கிடையாது, ஒரே ஒரு பச்சைப் பட்டன்தான். அதை அமுக்கினால் கீழே ஆஸ்பத்திரியில் மணி அடிக்கும். அங்கே எடுப்பவர், புதூர்நாட்டில் தயாராக நிற்கும் வண்டியை மேலே அனுப்புவார். முக்கால் மணி நேரத்தில் வண்டி வாசலுக்கு வந்துவிடும். நர்ஸ் இல்லாத நேரத்திலும் யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்பதற்காகத்தான் அதை வராந்தாவில் வைத்தார்கள். கூரைமேல் ஒரு இரும்புக் கம்பம், அதன் தலையில் ஒரு சின்ன ஆன்டெனாத் தட்டு. எதிர் முகட்டில் இருந்த இன்னொரு தட்டோடு அது பேசிக்கொள்ளும். எல்லாம் கச்சிதமாக இருந்தது. மணி எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறது என்று அளந்து, 'சரி' என்று நான் எழுதிக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

தங்கிய இரண்டு நாளும் எனக்குச் சோறு போட்டது எதிர்வீட்டுப் பெண். எட்டு மாதக் கர்ப்பிணி. சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாப் படியில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்ப்பார். நான் பட்டனை அமுக்குவேன், காதில் வைப்பேன், ஸ்டாப் வாட்சைப் பார்ப்பேன், குறித்துக்கொள்வேன், ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிடுவேன். கீழே எடுக்கும் பெண்ணும் பழகிப்போய், "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது நாள் காலையில் எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தாங்கவில்லை.

"இன்னா சார், நேத்திலேர்ந்து போன் பண்றீங்க, பேசவே மாட்டன்றீங்க. வூட்லகூட யாரும் உங்ககிட்ட பேச மாட்டாங்களா?"

"பேசுவாங்கம்மா. அதனாலதான் இங்க வந்துட்டேன்."

மருந்துப் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்த நர்ஸ் உள்ளேயிருந்து சிரித்தார். அவரும் கீழே ஆரணிப் பக்கத்துப் பெண்தான். "சாரு பேசறதுக்கு வரல. மணி அடிக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் ஆவுதுன்னு அளக்க வந்திருக்காரு."

"அதுக்கு ஒரு படிப்பா? எங்க வூட்டுக்காரரு படிக்காமயே அதைப் பண்ணுவாரு. ஒண்ணு கேட்டா பதில் வர மறுநாளாவும். அவரை அளங்க சார்."

வீட்டுக்காரர் எதிரே புளியை உடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "நீ கேக்கற கேள்விக்கு மறுநாளே சீக்கிரம்" என்றார்.

அந்தப் பெண் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றதும் என்னிடம் கேட்டார். "சார், மெய்யா சொல்லுங்க. போன தபா ஜீப்பு கெடச்சி வர்றதுக்குள்ள புள்ள போய்ட்ச்சி. இந்தத் தபா வலி எடுத்து இத அமுக்கினா வண்டி வந்துருமா?"

நான் கொள்ளுக் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "வந்துரும்" என்றேன். அளவெடுத்தது அதுவரை பாதிதான். வாயில் சோறு இருக்கும்போது மனிதர்கள் தாராளமாக இருப்பார்கள். நானும் மனிதன்தான்.

காலை நேரத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. இரண்டு வினாடி, மூன்று வினாடிக்குள் மணி அடித்தது. பெரும்பாலான அழைப்புகளை நான் காலையில்தான் போட்டேன். மத்தியானம் சாமைச் சோற்றுக்குப் பிறகு அறிவியலின் வேகம் குறைந்துவிடும். ஆனால் மத்தியானத்துக்கு மேல் மலை இடுக்கிலிருந்து காற்று கிளம்பும். கூரைமேல் கம்பம் ஆடும். தட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அழைப்பிதழ் வழியிலேயே தொலையும். ஒன்று தொலைந்து, இரண்டு தொலைந்து, நான்காவது மறுதட்டலில்தான் பல சமயம் கதவு திறந்தது. மணி அடிக்க எட்டு வினாடி, எட்டரை வினாடி ஆயிற்று.

எட்டு வினாடி என்ன பிரமாதம் என்று தோன்றலாம். மலையில் செல்போன் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அந்த ஊரில் செல்லுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. ஊருக்கு மேலே அரை மணி ஏறினால் ஒரு பாறை வரும். அதற்கு டவர் பாறை என்று பெயர். பாறைமேல் நின்று எண்ணைப் போட்டு, காதில் வைத்து, ஐந்து எண்ணுவார்கள். ஐந்துக்குள் சத்தம் வராவிட்டால் சிக்னல் இல்லை என்று அர்த்தம். வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று மறுபடி போடுவார்கள், மறுபடி ஐந்து. குழந்தைகள்கூட அப்படித்தான். சத்தம் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறவன் அங்கே ஏமாளி. இது எனக்குத் தெரியாத விஷயம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எங்கள் கொல்லையில் கிணற்று மேட்டில் ஏறி நின்று நானும் ஐந்துதான் எண்ணுவேன்.

ஊர்க்காரர்கள் சிலர் கையாலும் அழைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் நாள் மத்தியானம் அந்தப் பெண்ணையே கூப்பிட்டேன். உற்சாகமாக வந்தார். பட்டனை அமுக்கினார். உதடு அசைந்தது. ஐந்து வந்ததும் வைத்துவிட்டார்.

"செத்துட்ச்சி சார்."

"சாவலம்மா. போய்க்கினு இருக்குது. இன்னொரு தபா அமுக்கு."

அமுக்கினார். மறுபடி ஐந்து. வைத்துவிட்டார்.

"வெச்சிடாதம்மா! காதுலயே வெச்சிரு."

"சத்தமே இல்லாம எங்க சார் போவுது? நீங்க சொல்றீங்கன்னு வெச்சிக்கினு நின்னா, பாக்கறவங்க சிரிப்பாங்க."

நான்கு தடவை அமுக்கினார், நான்கு தடவையும் வைத்தார். கை தானாகவே போய்விட்டது. பிறகு வீட்டுக்காரர் வந்தார். அவரும் அப்படியே. நர்ஸ் மட்டும் நான் சொன்னபடி பொறுத்தார். எட்டாவது வினாடி மணி அடித்தது. "பாத்தீங்களா, அடிக்குது" என்று எல்லாருக்கும் காட்டினார். அந்தப் பெண், "நர்சம்மாவுக்கு மட்டும் அடிக்குது. போனுக்கும் உத்தியோகம் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். கம்பெனி விதித் தாளில் ஒரு வரி இருந்தது: மணி அடிப்பதற்கு முன் அழைத்தவரே துண்டித்த அழைப்புகளைச் சராசரியில் சேர்க்கக் கூடாது. நியாயமான விதிதான். வராத விருந்தாளிக்கு இலை போட முடியாது. அந்தப் பெண்ணின் நான்கு அழைப்புகளின்மேலும், அவர் கணவருடையவற்றின்மேலும் கோடு கிழித்தேன். மிச்சத்தைக் கூட்டி வகுத்தேன். ஐந்து வினாடிக்குள் இருக்க வேண்டும். நாலு சொச்சம் வந்தது. காலை அழைப்புகள் நிறைய இருந்ததும், நான் மத்தியானம் கண்ணயர்ந்ததும் சேர்ந்து மலைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தன.

குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது, இரண்டு விரல் அகலத்துக்கு. அதில், 'பிற்பகல் காற்றில் தாமதம் அதிகம்; ஊர் மக்கள் மணிக்கு முன்பே வைத்துவிடுகிறார்கள்' என்று எழுதியிருந்தேன். கிளினிக் இணையத்திலேயே தாளை அனுப்பினேன். அதே இணையம் வழியாகச் சென்னையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், மரியாதையான பிள்ளை.

"சார், பாஸா ஃபெயிலா?"

"பாஸ்தான்."

"அப்புறம் எதுக்கு சார் அந்த வரி? கஸ்டமர் நூறு கேள்வி கேப்பாங்க. எடுத்துடலாமா?"

எடுத்துவிட்டேன். ஒரு வரியை எடுப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு வரியை எடுப்பதில் ஒரு பெருமைகூட உண்டு.

கிளம்பும்போது நர்ஸிடம் மட்டும் சொன்னேன்: எல்லாரையும் பொறுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று. "சொல்றேன் சார். நான் இருந்தா நானே புடிச்சிக்குவேன்" என்றார். ஜீப்பில் ஏறியபோது அந்தப் பெண் கையாட்டினார். "வூட்டுக்குப் போயாவது பேசுங்க சார்!"

ஐந்து வாரம் கழித்து, வேலூர் ஆபீஸில் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. கிளினிக் போன் வேலை செய்யவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து புகார். ஒரு பிரசவ கேஸ் இறந்துவிட்டதாம். பதிவுகளைப் பார்த்து விளக்கம் தரவும்.

வராந்தாப் போனுக்கு அடியில் இருந்த பெட்டி, நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும். எந்த நொடியில் பட்டனை அமுக்கினார்கள், எத்தனை முறை தட்டியது, எப்போது வைத்தார்கள் என்று வரி வரியாக எழுதும். அந்த நாளின் பதிவைத் திறந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குமேல். முதல் அழைப்பு: ஒரு தட்டல், அரை வினாடியில் இன்னொன்று, ஒன்றரையில் இன்னொன்று, மூன்றரையில் இன்னொன்று. ஐந்தாவது வினாடியில் வைத்துவிட்டார்கள். அடுத்த அழைப்பு: அதே மாதிரி. அதற்கடுத்தது: அதே மாதிரி. நான்காவது மறுதட்டல் ஏழரையில் விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதற்கு இரண்டரை வினாடி முன்னால் வைத்துவிட்டு, தட்டலை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

பதினான்கு அழைப்புகள். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் இரண்டு நிமிட இடைவெளி இருந்தது. யாரோ எதிர்வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த இடைவெளி அது. பன்னிரண்டாவதுக்குப் பிறகு எண்ணிக்கை வேகமாகியிருந்தது. ஐந்து வினாடி நாலாகி, மூன்றாகியிருந்தது. எண்ணுகிறவரின் மூச்சு எனக்குத் தெரிந்தது. பதினான்காவதுக்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பெட்டி தன் முடிவை எழுதியிருந்தது: அழைத்தவர் துண்டித்தார்.

பெட்டி சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, தான் இன்னும் இயங்குவதாகக் கீழே தானாகவும் ஒரு செய்தி அனுப்பும். அந்தப் பதினான்கு அழைப்புகளுக்கு நடுவிலேயே இரண்டு தடவை அனுப்பியிருந்தது. இரண்டுமே நான்காவது மறுதட்டலில் போய்ச் சேர்ந்திருந்தன. லைன் இருந்திருக்கிறது.

மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப நம்ம சைடுல ஒண்ணும் இல்ல சார். யூசர்தான் கட் பண்ணியிருக்காங்க. அப்படியே எழுதிக் குடுத்துடுங்க" என்றார். கெட்டவர் இல்லை. என் தாளை நம்பியவர்.

நர்ஸைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டபோது அவர் கீழே தன் ஊருக்கு வந்திருந்தார். சார் என்று கூப்பிடுகிறவர், அண்ணா என்றார்.

"அண்ணா, நான் இல்ல அன்னிக்கி. பக்கத்து ஊர்ல தடுப்பூசி நாளு. ரெண்டு வாரம் முன்னாடியே வலி வந்துட்ச்சி. புள்ள சீக்கிரம் பொறந்துட்ச்சி, நல்லாத்தான் பொறந்துச்சி, பொட்டப் புள்ள. ரத்தம்தான் நிக்கல. அவரு ஓடி வந்து அமுக்கியிருக்காரு. அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு டவர் பாறைக்கி ஓடியிருக்காரு. ஜீப்பெல்லாம் சந்தைக்கி போயிருந்துச்சி. ஒரு ஜீப்பு கெடச்சி ஏத்தறப்போ மணி அஞ்சுக்கு மேல. எறக்கம் எறங்கி முடிக்கல அண்ணா. ரெண்டாவது வளைவுல போய்ட்டா."

அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "நான் எல்லார்கிட்டயும் சொல்லித்தான் வெச்சிருந்தேன். வெச்சிடாதீங்கன்னு. அந்த நேரத்துல எவனுக்கு அண்ணா ஞாபகம் இருக்கும்?" என்றார்.

அன்று சாயங்காலமே பழைய தாளை எடுத்தேன். கோடு கிழித்த அழைப்புகளையெல்லாம் திரும்பச் சேர்த்தேன். மணி அடிக்காத அழைப்புக்கு என்ன நேரம் போடுவது? முடிவில்லாத நேரம் என்று போட்டால் கணக்கு உடைந்துவிடும். கடைசியில், சேராத அழைப்பு என்று தனியாக ஒரு வரிசை போட்டு எண்ணிக்கையைக் கொடுத்தேன். மத்தியான அழைப்புகளில் பாதிக்குமேல் அந்த வரிசைக்குப் போயின. 'முதல் அளவீட்டிலேயே இது தெரிந்தது. அளந்தவர் சேர்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேனேஜருக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்தே அனுப்பினேன். மேனேஜர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த மௌனத்தை அளக்கச் சொல்லி யாரும் என்னை அனுப்பவில்லை.

இதை எழுதும்போது நான் ஏதோ வீரச்செயல் செய்தது போல ஒலிக்கிறது. கம்பத்தை நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்ட ஒரு மத்தியானம் போதும். அதை முதல் தடவையே சொல்லியிருந்தால் கட்டியிருப்பார்கள். நான் எடுத்துவிட்ட வரியில் காற்று என்ற வார்த்தை இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு காரியம் கேட்டார்கள். ஒன்று, கம்பத்துக்குக் கம்பி. இன்னொன்று, பட்டனை அமுக்கியதும், அழைப்பிதழ் போய்ச் சேரும் வரை, பெட்டியே காதில் ஏதாவது பேச வேண்டும். கம்பெனியில் ஒரு பதிவுக் குரல் இருந்தது. 'தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்' என்று தேன் தடவியது போலச் சொல்லும். நர்ஸிடம் போட்டுக் காட்டினேன். "இந்தக் கொரலு கேட்டா லோன் வேணுமான்னு கேக்கறவன்னு நெனச்சி உடனே வெச்சிருவாங்க" என்றார். அவரையே பேசச் சொல்லிப் பதிவு செய்தோம். "வெச்சிடாதீங்க. லைன் போய்க்கினு இருக்குது. மணி அடிக்கிற வரைக்கும் காதுலயே வெச்சிருங்க." மூன்றாவது தடவைதான் அழாமல் சொல்லி முடித்தார்.

அந்தப் பதிவைப் பெட்டியில் ஏற்ற மறுபடி மலைக்குப் போனேன். இந்தத் தடவை கிளினிக்கில் யாரும் எனக்குச் சோறு ஏற்பாடு செய்யவில்லை. நானே பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கம்பத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டி முடித்திருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை. வீட்டுக்காரர் வராந்தாவுக்கு வந்து, நான் பெட்டியைத் திறந்து வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அவரிடமிருந்து கேள்வி வர நேரமாகும் என்று எனக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

"சார், அன்னிக்கி நான் வைக்காம புடிச்சிக்கினே இருந்திருந்தா போயிருக்குமா?"

எனக்குப் பதில் தெரியும். ஏழரை வினாடி என்று தெரியும். இரண்டு செய்திகள் போய்ச் சேர்ந்த நிமிடங்கள்கூட மனப்பாடம்.

"போயிருக்காதுங்க" என்றேன். "அன்னிக்கி லைனே இல்ல."

அவர் தலையாட்டினார். நான் திருகாணியைத் திருகினேன். பத்தொன்பது வருடத்தில் தெரிந்தே ஒரு பொய்யான அளவைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி யாருக்காக என்று நான் யோசிக்கவில்லை.

வேலை முடிந்தது. விதிப்படி ஊர்க்காரர் ஒருவர் அமுக்கிப் பார்க்க வேண்டும். வேறு யாரும் இல்லை. நான் கேட்பதற்கு முன்பே அவர் கூண்டுக்குள் கையை விட்டு எடுத்து, பச்சைப் பட்டனை அமுக்கி, காதில் வைத்தார். உதடு அசைய ஆரம்பித்தது, ஒன்று, இரண்டு. நின்றது. நர்ஸின் குரல் எனக்கும் லேசாகக் கேட்டது: வெச்சிடாதீங்க. லைன் போய்க்கினு இருக்குது.

கேட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"லைன் இல்லன்னீங்க."

"ஆமா."

"லைன் இல்லாததுக்கு எதுக்கு சார் வெச்சிடாதீங்கன்னு சொல்லணும்?"

போனில் அதற்குள் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் வெச்சேன்" என்றார். "எண்ணி எண்ணி வெச்சேன்."

அதற்குப் பிறகு பொய்யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சொன்னேன். "உங்க மேல தப்பு இல்லிங்க. உங்க சம்சாரமும் அப்படித்தான் வெச்சாங்க. நான் அளக்க வந்தப்போ, இதே எடத்துல. நாலு தபா. நீங்களும் வெச்சீங்க. எல்லாத்தையும் எழுதினேன், அப்புறம் கோடு கிழிச்சிட்டேன். அதெல்லாம் கணக்குல வராதுன்னு."

"அவ வெச்சதையா?"

"ஆமா."

கையில் இருந்த போனில் கீழே ஆஸ்பத்திரிப் பெண் எடுத்துவிட்டார். "சொல்லுங்க, எந்த ஊரு? இன்னா ஆச்சி?" என்ற குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் குழந்தை சிணுங்கியது. அவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"அத அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். நீ அஞ்சுல வெக்கற, இது எட்டுலதான் அடிக்கும்னு. அவ்ளோதானே. நான் எட்டு எண்ணியிருப்பேனே."

"ஹலோ? யாருங்க லைன்ல? யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றது போன்.

அவர் அதை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன். "டெஸ்டுங்க" என்றேன். "யாருக்கும் ஒண்ணும் இல்ல." வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் வாசலைக் கடந்து போய், மாமியார் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போயிருந்தார்.

தாளில் இன்னும் பத்தொன்பது அழைப்புகள் பாக்கி இருந்தன. காற்று கிளம்பியிருந்தது. கம்பம் ஆடவில்லை. பட்டனை அமுக்கி நர்ஸின் குரலைக் கேட்டு, மணி அடிக்கிற வரைக்கும் காதிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் மூன்று வினாடிக்குள் அடித்தது.